மாதம் 60 டாலர் தந்த கிணற்றுக்கு 42,000 டாலர் ஏன்?

வாசகி கேட்டது (சுருக்கியிருக்கிறேன், பெயர் வேண்டாம் என்றதால் விட்டுவிட்டேன்): நாங்கள் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த அமெரிக்கர். அவருடைய அம்மா வழிக் குடும்பம் 1930-களில் ஓக்லஹோமாவிலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர்கள். மாமியார் 2022 ஜூனில் காலமானார். போன மாதம் என் கணவருக்கும் நாத்தனாருக்கும் ஒரே மாதிரி கடிதம் வந்தது. ஓக்லஹோமாவின் கிரேடி கவுன்டியில் உங்கள் அம்மா பெயரில் 20 ஏக்கருக்கு எண்ணெய், எரிவாயு உரிமை இருக்கிறது, மொத்தத்துக்கும் 42,000 டாலர் தருகிறோம், பத்து நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று. கூடவே செக் மாதிரி ஒரு தாள். மாமியாருக்கு ஏதோ ஒரு எண்ணெய் கம்பெனியிலிருந்து மாதம் சுமார் 60 டாலர் வந்துகொண்டிருந்தது, அவர் போனபிறகு அதுவும் நின்றுவிட்டது. அவர் டிரஸ்ட் எழுதி என் கணவரை டிரஸ்டி ஆக்கியிருந்தார், ஆனால் அதில் இந்த ஓக்லஹோமா விஷயம் எங்கேயும் இல்லை. நாத்தனார் உடனே விற்றுவிடலாம் என்கிறார். கணவர் கொள்ளுத்தாத்தா விட்டுப்போனது என்று தயங்குகிறார். விற்கலாமா? அதற்கு அங்கே போக வேண்டுமா? வரி எந்த ஸ்டேட்டுக்கு? நானும் கையெழுத்துப் போட வேண்டுமா?

பதில்:

முதலில் ஒரு சின்ன வகுத்தல் போடுங்கள். 42,000-ஐ 60-ஆல் வகுத்தால் 700. அதாவது 700 மாத ராயல்டி (கிணற்று வருமானத்தில் உரிமைக்காரரின் பங்கு), 58 வருஷத்துக்கும் மேல். முன்பின் தெரியாத ஒருவர் 58 வருஷ வருமானத்தை ஒரே தடவையில் தருகிறேன், ஆனால் பத்து நாளில் சொல்லிவிடுங்கள் என்கிறார். பழைய கிணற்றின் ராயல்டியை மட்டும் வாங்குகிறவர்கள் சாதாரணமாக நாலைந்து வருஷ வருமானத்துக்கு மேல் தரமாட்டார்கள், அந்தக் கணக்கில் உங்களுடையதற்கு 3,000 டாலரோ 3,600 டாலரோதான் வரும். அப்படியானால் மீதி 38,000 சொச்சம் எதற்கு? அவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரியவில்லை. அது என்ன என்று கண்டுபிடிக்கும் வரை யாரும் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். நாத்தனாரிடம் இன்றே போனில் சொல்லிவிடுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

சரி, இது என்ன மாதிரி சொத்து என்று கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது மனதில் சட்டென்று ஏறாது. இந்தியாவில் உங்கள் வயலுக்கு அடியில் எண்ணெய் கிடைத்தால் அது அரசாங்கத்துடையது. நரிமணம் பக்கம் வயலில் ஓ.என்.ஜி.சி. கிணறு தோண்டியபோது நிலத்துக்காரருக்குக் கிடைத்தது மேல்மண்ணைப் பயன்படுத்துவதற்கான பணம்தான், எண்ணெயில் பங்கு கிடையாது. அமெரிக்காவில் அப்படி இல்லை. நிலத்தின் அடியில் இருப்பது தனியாருக்கே சொந்தம், அதோடு மேல்நிலத்தையும் அடிநிலத்தையும் தனித்தனிச் சொத்தாகப் பிரித்து விற்கவும் முடியும். ஓக்லஹோமாவிலிருந்து கிளம்பிய விவசாயிகளில் பலர் நிலத்தை விற்கும்போது கிரயப் பத்திரத்திலேயே “கனிமங்களில் பாதி எனக்கு” என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டார்கள். உங்கள் கணவரின் கொள்ளுத்தாத்தாவும் அநேகமாக அதைத்தான் செய்திருப்பார். 40 ஏக்கரை விற்று அடியில் பாதியை வைத்துக்கொண்டால், அதுதான் இன்றைக்கு 20 “நெட் ஏக்கர்”. மேலே யாரோ மாடு மேய்த்துக்கொண்டிருப்பார், அவருக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இப்போது கடிதம் ஏன் வந்தது என்பதற்கு வருவோம். கிரேடி கவுன்டி இருப்பது ‘ஸ்கூப்’ என்று சொல்லும் பகுதியில். 2012-இல் கான்டினென்டல் ரிசோர்சஸ் கம்பெனி சூட்டிய பெயர் அது. வுட்ஃபோர்ட் என்ற ஷேல் பாறை அங்கே மைல் கணக்கான ஆழத்தில் கிடக்கிறது. செங்குத்தாக இறங்கி, பிறகு படுக்கைவாட்டில் திரும்பி ஒரு மைல், இரண்டு மைல் தூரம் துளைத்துக்கொண்டு போகிற கிணறுகள்தான் அங்கே காசு. உங்கள் மாமியாருக்கு 60 டாலர் தந்தது அந்த ரகமாக இருக்காது, பழைய செங்குத்துக் கிணறாகத்தான் இருக்கும். புதுக் கிணறு தோண்ட விரும்பும் கம்பெனி ஓக்லஹோமா கார்ப்பரேஷன் கமிஷனிடம் போகவேண்டும். (பெயரைப் பார்த்து மாநகராட்சி என்று நினைக்காதீர்கள், அந்த மாநிலத்தில் எண்ணெய் எரிவாயுவைக் கட்டுப்படுத்துவது அதுதான்.) எவ்வளவு ஏக்கரை ஒரு அலகாகக் கட்டலாம் என்பதற்கு ஒரு மனு, ஒரே அலகில் கூடுதல் கிணறுகளுக்கு இன்னொரு மனு, இரண்டு செக்‌ஷன்களைத் (ஒவ்வொன்றும் ஒரு சதுர மைல் நிலக் கட்டம்) தாண்டிப் போகும் கிணறு என்றால் அதற்கு வேறொரு மனு, கடைசியாகத் தோண்டுவதற்கான அனுமதி. இவை எல்லாம் பொது ஆவணங்கள், கமிஷனின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். கனிம உரிமையை வாங்கி விற்கிறவர்களின் தொழிலே தினமும் காலையில் இவற்றைத் துழாவி, எந்த செக்‌ஷனில் மனு விழுந்திருக்கிறதோ அங்கே யார் யாருக்குப் பங்கு இருக்கிறது என்று கவுன்டி பதிவுகளில் தேடி, கிணறு வருவதற்கு முன்னால் கடிதம் போடுவதுதான்.

இதில் எரிச்சலான விஷயம் என்னவென்றால், அந்த மனுக்களின் நோட்டீஸ் உரிமைக்காரர்களுக்கும் தபாலில் வரவேண்டும். உங்களுக்கும் அனுப்பியிருப்பார்கள். எங்கே? பதிவில் இருக்கும் முகவரிக்கு, அதாவது மாமியாரின் பழைய வீட்டுக்கு. அந்த வீட்டையும் விற்றுவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முகவரி கிடைக்காதவர்களுக்குப் பத்திரிகையில் விளம்பரம் போட்டாலே போதும். ஆக நோட்டீஸ் வந்ததும் போனதும் உங்களுக்குத் தெரியாது, ஆனால் வாங்க வந்தவர் மட்டும் உங்களை ஃப்ரீமான்ட் வரை தேடிக் கண்டுபிடித்துவிட்டார்.

அதனால் முதல் வேலை, கடிதத்தில் இருக்கும் நில விவரத்தை எடுங்கள். செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்று மூன்று எண்கள் இருக்கும், நம் சர்வே எண் மாதிரிதான். ஒரு செக்‌ஷன் என்பது ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அந்த மூன்று எண்களைக் கமிஷன் தளத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் செக்‌ஷனிலும் அதற்கு வடக்கிலும் தெற்கிலும் உள்ள செக்‌ஷன்களிலும் கடந்த இரண்டு மூன்று வருஷத்தில் என்ன மனு, என்ன அனுமதி, எந்தக் கம்பெனி என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஒரு சாயங்காலம் போதும். கிணறு ஏற்கெனவே தோண்டி முடித்திருந்தால் அதற்கான அறிக்கையும், முதல் சோதனையில் ஒரு நாளைக்கு எத்தனை பேரல் வந்தது என்பதும் அங்கேயே இருக்கும்.

எவ்வளவு பணம் பற்றிப் பேசுகிறோம் என்பதற்கு ஒரு உதாரணக் கணக்கு. உங்கள் பங்கு என்பது 20-ஐ 640-ஆல் வகுத்து, அதை ராயல்டி விகிதத்தால் பெருக்குவது. பழைய லீஸ்களில் (கம்பெனிக்குத் தோண்ட உரிமை கொடுக்கும் ஒப்பந்தங்களில்) ராயல்டி எட்டில் ஒன்றுதான், அப்போது 0.00390625 வரும். இந்தத் தசம எண் மாமியாரின் பழைய செக்கோடு வந்த துண்டுச் சீட்டில் அப்படியே அச்சாகியிருக்கும், தேடிப் பாருங்கள். 60 டாலர் செக் என்றால், எண்ணெய் பேரலுக்கு 70 டாலர் என்று வைத்துக்கொண்டால், அது ஒரு நாளைக்கு ஏழு பேரல் தருகிற கிழட்டுக் கிணறு. இப்போது அதே இடத்தில் ஒரு நாளைக்கு 500 பேரல் தரும் ஒரு புதுக் கிணறு வந்தால்? மாதம் 15,000 பேரல், பத்தரை லட்சம் டாலர், அதில் உங்கள் பங்கு சுமார் 4,100 டாலர். கிணறு இரண்டு செக்‌ஷன்களில் சமமாகப் போனால் அதில் பாதி. அதிலும் மாநிலம் உற்பத்தி வரியைப் பிடித்துக்கொள்ளும், கம்பெனி குழாய்ச் செலவு அது இது என்று கொஞ்சம் கழிக்கும். அதைவிட முக்கியமாக, ஷேல் கிணறு முதல் வருஷத்திலேயே பாதிக்கு மேல் இறங்கிவிடும். அதனால் முதல் மாத செக்கை 60 மாதத்தால் பெருக்கி, ஆகா இரண்டரை லட்சம் என்று கனவு காணவேண்டாம். ஆனால் ஒரே அலகில் நாலு கிணறு, ஆறு கிணறு என்று வரிசையாக வருவதும் உண்டு. 42,000 நியாயமான விலையா, பாதி விலையா என்பது இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது, கடிதத்தில் இல்லை.

லீஸ் பற்றி ஒரு வார்த்தை. பழைய கிணறு இன்னும் சொட்டுச் சொட்டாக ஓடிக்கொண்டிருந்தால், தாத்தா காலத்தில் எட்டில் ஒரு பங்குக்குப் போட்ட லீஸ் இன்றும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். உற்பத்தி நடக்கும்வரை லீஸ் முடியாது. புதுக் கிணற்றுக்கும் அதே எட்டில் ஒன்றுதான் கிடைக்கும், பேரம் பேச வழியில்லை. ஒருவேளை அந்த லீஸ் செத்துப்போய் உங்கள் ஏக்கர்கள் சும்மா இருந்தால் கதையே வேறு. அப்போது புதிதாக லீஸ் கொடுத்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று போனஸும் பதினாறில் மூன்றோ ஐந்தில் ஒன்றோ ராயல்டியும் கேட்கலாம். லீஸ் கொடுக்காவிட்டால் கம்பெனி கமிஷன் மூலம் கட்டாயமாகச் சேர்த்துக்கொள்ளும், உத்தரவு வந்து பெரும்பாலும் 20 நாளில் உங்கள் தேர்வைச் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் உத்தரவில் எழுதியிருப்பதுதான் உங்களுக்கு. விற்கிறவர்கள் நிறையப் பேர் “லீஸ் இருக்கிறதா இல்லையா” என்றுகூடப் பார்க்காமல் விற்கிறார்கள். வாடகைக்கு ஆள் இருக்கிறாரா என்று தெரியாமலே வீட்டை விற்கிற மாதிரி.

அடுத்தது உரிமை. இங்கேதான் உங்களுக்கு உண்மையான சிக்கல்.

மாமியார் கலிஃபோர்னியாவில் டிரஸ்ட் எழுதி, வீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் அதில் போட்டிருக்கிறார். நல்ல காரியம். ஆனால் ஓக்லஹோமா கனிம உரிமையை டிரஸ்டுக்கு மாற்றி அந்தக் கவுன்டியில் பத்திரம் பதியவில்லை, ஆக அது இன்னும் ஒரு இறந்தவரின் பெயரில்தான் இருக்கிறது. (தாத்தா பெயரில்கூட இருக்கலாம். அப்படியானால் இரண்டு கண்ணி விட்டுப்போயிருக்கிறது.) கனிம உரிமை அசையாச் சொத்து. அசையாச் சொத்து எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து நீதிமன்றம்தான் அதை வாரிசுக்கு மாற்றவேண்டும், நீங்கள் எங்கே வசித்தாலும். கலிஃபோர்னியா காகிதங்களைக் காட்டி அங்கே உள்ள கவுன்டி கிளார்க்கிடம் எதுவும் நடக்காது.

அவருக்கு டிரஸ்டோடு சேர்த்து ஒரு உயிலும் இருக்கும், “டிரஸ்டில் சேராத எல்லாம் டிரஸ்டுக்கே போகட்டும்” என்று. அந்த உயிலை ஓக்லஹோமா நீதிமன்றத்தில் துணைப் புரொபேட்டாக (உயிலை நீதிமன்றம் ஏற்றுச் சொத்தை வாரிசுக்கு மாற்றும் நடைமுறை) போடவேண்டும். பயப்படாதீர்கள். வெளிமாநிலத்தில் வசித்து இறந்தவர்களின் சொத்துக்கும், 200,000 டாலருக்கு மேற்படாத சொத்துக்கும் அங்கே சுருக்கமான நடைமுறை ஒன்று இருக்கிறது. உள்ளூர் வக்கீல் ஒருவரை வைத்தால் சில மாதங்களில், சில ஆயிரம் டாலரில் முடியும். யாரும் விமானம் ஏறவேண்டியதில்லை. எல்லாக் கையெழுத்தையும் ஃப்ரீமான்ட்டில் ஒரு நோட்டரி முன்னால் போட்டு அனுப்பலாம். வக்கீலைத் தேடும்போது “கனிம டைட்டில் பார்ப்பீர்களா” என்று கேட்டுவிட்டு வையுங்கள், விவாகரத்து வழக்கு பார்க்கிறவர் இதற்கு ஆகமாட்டார்.

குறுக்குவழி ஒன்றைப் பற்றி யாராவது சொல்வார்கள்: நம் வாரிசுச் சான்றிதழ் மாதிரி, குடும்ப விவரத்தைச் சத்தியம் செய்து எழுதி கவுன்டியில் பதிவது. சின்ன ராயல்டிக்கு அதையே ஏற்றுக்கொண்டு பணம் தருகிற கம்பெனிகள் உண்டு. ஆனால் ஓக்லஹோமாவில் அது பதிவாகி 10 வருஷம் ஆனபிறகுதான் சந்தையில் நிற்கிற உரிமையாக ஆகும். இப்போதே விற்க நினைக்கிறவர்களுக்கு அது போதாது. வாங்குகிறவர், “அதற்கென்ன, புரொபேட்டை எங்கள் செலவில் நாங்களே முடித்துக்கொள்கிறோம்” என்றும் சொல்வார். வேண்டாம் என்பேன். அவருடைய வக்கீல் அவருக்குத்தான் வக்கீல், அந்தச் செலவை விலையில் இரண்டு மடங்காகக் கழித்துக்கொள்வார்கள், நடுவில் நீங்கள் வேறு யாரிடமும் விலை கேட்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். சொத்து டிரஸ்டுக்குப் போகவேண்டியது என்றால் டிரஸ்டியாகிய உங்கள் கணவர்தான் அதை விற்கவோ பிரித்துக்கொடுக்கவோ முடியும். நாத்தனாரிடம் இன்றைக்கு விற்பதற்கு அவர் பெயரில் எதுவுமில்லை. ஆனால் அவர் அந்தக் கடிதத்தோடு வந்த பத்திரத்தில் கையெழுத்திட்டால், இல்லாத உரிமைக்கு உத்தரவாதம் கொடுத்தவராக ஆவார், பிற்பாடு அவருக்கு வரும் பங்கை அந்தப் பத்திரம் பிடித்துக்கொள்ளும். உடன்பிறந்தவர்களுக்குள் மனஸ்தாபம் வர இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நின்றுபோன 60 டாலருக்கு என்ன ஆயிற்று? கம்பெனி அதை விழுங்கவில்லை. இறந்துவிட்டார் என்று தெரிந்ததும், அல்லது செக் திரும்பி வந்ததும், அந்தக் கணக்கை நிறுத்திவைப்பில் போட்டிருக்கும். மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது, பழைய கிணறு மட்டும் என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம். இந்த மூன்று வருஷத்துக்குள் புதுக் கிணறு ஒன்று ஓட ஆரம்பித்திருந்தால்? அந்தப் பணமும் அதே இடத்தில் குவிந்திருக்கும், வட்டியோடு. பழைய செக்கில் இருக்கும் கம்பெனியையும், கமிஷன் தளத்தில் நீங்கள் பார்த்த கம்பெனியையும் கூப்பிட்டு, உரிமையாளர் தொடர்புப் பிரிவில் மாமியார் பெயரைச் சொல்லி “நிறுத்திவைப்பில் எவ்வளவு இருக்கிறது, எந்தெந்தக் கிணறு” என்று கேளுங்கள். எல்லாரும் உடனே தொகையைச் சொல்லமாட்டார்கள், ஆனால் என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொல்வார்கள். ஓக்லஹோமா மாநிலக் கருவூலத்தின் உரிமை கோரப்படாத சொத்துப் பட்டியலிலும், கலிஃபோர்னியாவின் பட்டியலிலும், மாமியார் பெயர், அவருடைய கல்யாணத்துக்கு முந்தைய பெயர், தாத்தா பெயர் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஆளைக் கண்டுபிடிக்க முடியாமல் கட்டாயச் சேர்ப்பில் போனவர்களின் பணத்துக்குக் கார்ப்பரேஷன் கமிஷனிலேயே தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதையும் விடாதீர்கள்.

என்னிடம் வந்த ஒருவரின் கதை இதில்தான். அவரும் இதேபோல் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர், பத்திரம் பதிந்து பணமும் கைக்கு வந்துவிட்டது. வரிக்காக என்னிடம் காகிதங்களைக் கொண்டுவந்தபோது பத்திரத்தைப் படித்தேன். கீழே ஒரு வரி: நிறுத்திவைக்கப்பட்ட, இதுவரை சேர்ந்த எல்லாத் தொகைகளும் வாங்குபவருக்கே. நாலு வருஷ ராயல்டி அந்தக் கணக்கில் கிடந்தது, அவருக்குக் கிடைத்த விலையில் பாதிக்கு மேல். அதாவது வாங்கினவர் விலையில் பாதிக்கு விற்றவருடைய பணத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறார். செய்வதற்கு ஒன்றுமில்லை.

அதனால் உங்களுக்கு வந்த பத்திரத்தையும் நிதானமாகப் படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து அமல் என்று பாருங்கள், அது போன வருஷத் தேதியாக இருக்கக்கூடாது, அதற்கு முந்தைய வருமானம் எல்லாம் விற்பவருக்கே என்று எழுத்தில் இருக்கவேண்டும். “இந்தக் கவுன்டியில் எனக்கு உள்ள எல்லா உரிமையும்” என்று ஒரு வாக்கியம் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். தாத்தாவுக்கு வேறு செக்‌ஷனில் அஞ்சு ஏக்கர் இருந்து உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம், அதுவும் இதோடு போய்விடும். தலைப்பில் என்ன போட்டிருந்தாலும் உள்ளே விற்கிறேன், மாற்றிக்கொடுக்கிறேன் என்ற சொற்கள் இருந்தால் அது கிரயம்தான், லீஸ் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். உத்தரவாதம் இல்லாமல், இருக்கிற உரிமையை மட்டும் விடுகிற விடுதலைப் பத்திரம் மாதிரி எழுதினால் உங்களுக்குப் பாதுகாப்பு. வாங்குபவர் கொஞ்சம் முனகுவார்.

செக் மாதிரி வந்த தாள் செக் இல்லை, டிராஃப்ட். சின்ன எழுத்தில் “உரிமை சரிபார்த்து ஒப்புக்கொண்டபின், இத்தனை வங்கி நாட்களுக்குள்” என்று இருக்கும். நீங்கள் பத்திரத்தை முதலில் அனுப்புகிறீர்கள், அவர் பணத்தை ஒரு மாதம் கழித்துத் தருவதா வேண்டாமா என்று யோசிக்கிறார். அந்த ஒரு மாதத்தில் இதே ஏக்கரை வேறொருவருக்கு ஏக்கருக்கு ஆயிரம் கூட்டி விற்கமுடியுமா என்று பார்ப்பார்கள். முடிந்தால் உங்களுக்கு 42,000 கிடைக்கும், அவர்களுக்கு நடுவில் நின்றதற்கு லாபம். முடியாவிட்டால் டைட்டில் சரியில்லை என்று டிராஃப்ட் திரும்பிவிடும், பத்திரம் அதற்குள் பதிவாகிவிட்டிருந்தால் அதை ரத்து செய்ய நீங்கள் அலையவேண்டும். பத்திரமும் பணமும் ஒரே நாளில், நடுவில் ஒரு எஸ்க்ரோ ஆபீஸ் மூலமாகக் கைமாறுவதுதான் சரி. தரமுடியாது என்றால் அவர் வாங்குபவரே இல்லை.

விற்பது என்று முடிவானால், உரிமை கைக்கு வந்தபிறகு, குறைந்தது நாலைந்து பேரிடம் விலை கேளுங்கள். கனிம உரிமைக்கென்றே இணைய ஏலங்கள் இருக்கின்றன, தரகர்களும் இருக்கிறார்கள், கமிஷன் போனாலும் ஒரே ஒரு கடிதத்துக்கு விற்பதைவிடக் கூடத்தான் வரும். உங்கள் செக்‌ஷனில் தோண்டுகிற கம்பெனியையும் கேட்கலாம். எல்லோரிடமும் விலையை நெட் ஏக்கருக்கு இவ்வளவு என்று கேளுங்கள், இப்போது வந்திருப்பது ஏக்கருக்கு 2,100. 20 ஏக்கர் என்பதையும் அவர் சொன்னதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நிமிஷத்தில் “பார்த்தோம், 12 ஏக்கர்தான் இருக்கிறது” என்று விலையைக் குறைப்பது இந்தத் தொழிலில் சகஜம், உங்கள் வக்கீல் மூலப்பத்திரத்திலிருந்து எண்ணிச் சொன்ன எண் கையில் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

இனி வரி, என் சொந்த வயல். இதில் உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கிறது. வாரிசாக வந்த சொத்தை விற்கும்போது, கொள்ளுத்தாத்தா என்ன விலைக்கு வாங்கினார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். மாமியார் இறந்த நாளில் அதற்குச் சந்தை விலை என்னவோ அதுதான் உங்கள் அடக்கவிலை. அவர் இறந்தது 2022 ஜூன். அந்த மாதம் அமெரிக்கக் கச்சா எண்ணெய் பேரலுக்கு 100 டாலருக்கு மேல் இருந்தது, மாதத் தொடக்கத்தில் 120-ஐயும் தாண்டியது. (2020 ஏப்ரல் 20 அன்று அதே எண்ணெய் மைனஸ் 37.63 டாலருக்கு முடிந்தது, அந்த வாரம் இறந்தவர்களின் வாரிசுகளைப் பற்றி யோசித்துப் பாருங்கள்.) எண்ணெய் உச்சத்தில் இருந்தபோது உங்கள் அடக்கவிலை நிலைத்துவிட்டது. அதை நிரூபிக்கப் பெட்ரோலிய எஞ்சினீயர் ஒருவரிடம் அந்தத் தேதிக்கு மதிப்பீடு வாங்குங்கள். இப்போதும் பின்தேதிக்கு எழுதித் தருவார்கள். 60 டாலர் செக்கை மட்டும் பார்த்து 3,600 என்று நீங்களே போட்டுக்கொண்டால் வீணாக வரி கட்டுவீர்கள். அன்றைக்கே பக்கத்துச் செக்‌ஷன்களில் கிணறு வந்திருந்தால் ஏக்கருக்கு விலை ஏறியிருக்கும், அதுவும் மதிப்பீட்டில் சேரும்.

உதாரணத்துக்கு, மதிப்பீடு 50,000, விற்றது 80,000 என்றால் லாபம் 30,000, ஆளுக்கு 15,000. வாரிசுச் சொத்து எப்போது விற்றாலும் நீண்டகால லாபம்தான், ஃபெடரல் வரி பெரும்பாலானவர்களுக்கு 15 சதவீதம், அதாவது 2,250. நீங்கள் இருவரும் சேர்ந்து 250,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் என்றால் இன்னொரு 3.8 சதவீதமும் சேரலாம். மதிப்பீட்டைவிடக் குறைவாக விற்றால் அது நஷ்டம், வரியே இல்லை. ஓக்லஹோமாவுக்கு, அங்கே வசிக்காதவர் போடும் வருமான வரிப் படிவம் ஒன்று போடவேண்டும், சொத்து அங்கே இருப்பதால் முதல் உரிமை அவர்களுக்கு. கலிஃபோர்னியா தன் மாநிலவாசியின் வருமானம் எங்கிருந்து வந்தாலும் வரி கேட்கும், ஓக்லஹோமாவுக்குக் கட்டியதைக் கழித்துக்கொள்ளும். நீண்டகால லாபத்துக்குத் தனிச் சலுகை விகிதம் எதுவும் கலிஃபோர்னியாவில் கிடையாது, சம்பளம் மாதிரியே போடுவார்கள்.

நிறுத்திவைப்பில் இருந்து வரும் பழைய ராயல்டி வேறு கணக்கு. அது சாதாரண வருமானம், கைக்கு வந்த வருஷத்தில் காட்டவேண்டும். ஆனால் அதில் 15 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழிக்கலாம், நிறையப் பேர் இதைக் கோட்டைவிடுகிறார்கள். கழித்த தேய்மானம் அடக்கவிலையைக் குறைக்கும், பிற்பாடு விற்கும்போது அந்த அளவு லாபம் சாதாரண விகிதத்தில் வரும், அவ்வளவுதான். விற்ற பணத்தில் வாடகைக்கு விட வீடோ கடையோ வாங்க நினைத்தால், கனிம உரிமையும் அசையாச் சொத்து என்பதால், 1031 மாற்று முறையில் வரியைத் தள்ளிப்போடலாம். 45 நாளில் எந்தச் சொத்து என்று எழுதிக் கொடுத்து 180 நாளில் வாங்கி முடிக்கவேண்டும், பணம் உங்கள் கையைத் தொடவே கூடாது. இவ்வளவு சின்னத் தொகைக்கு அந்த அவஸ்தை தேவையா என்றால், நான் தேவையில்லை என்பேன்.

உங்கள் கையெழுத்து: கணவர் டிரஸ்டியாக விற்றால் வேண்டாம். பிரித்து அவர் பெயருக்கு வந்தபிறகு விற்றால், கலிஃபோர்னியா சட்டப்படி அது அவருடைய தனிச் சொத்துதான் என்றாலும், வாங்குபவர் மனைவியும் கையெழுத்துப் போடட்டும் என்று கேட்பார். போடுங்கள், தப்பில்லை.

கடைசியாக, விற்கலாமா. புரொபேட்டை எப்படியும் முடியுங்கள், விற்றாலும் விற்காவிட்டாலும் அது வேண்டும். இன்னும் இருபது வருஷம் தள்ளிப்போட்டால் உங்கள் பிள்ளைகள் மூன்று இறப்புச் சான்றிதழோடு அலைவார்கள். 42,000-க்கு இப்போது விற்கவேண்டாம். கிணறு அனுமதி இருக்கிறது என்று தெரிந்து, நாலு விலை வந்து, எல்லாம் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்றால், நாத்தனார் தன் பாதியை அந்த விலைக்கு விற்கட்டும், அவருக்குப் பணம் தேவை என்று எழுதியிருக்கிறீர்கள், அதைக் குறைத்துப் பேச நாம் யார். உங்கள் கணவர் தன் 10 ஏக்கரை வைத்துக்கொள்ளட்டும். அதற்கு வருஷத்துக்கு ஒரு வரிப் படிவம் போடுவதைத் தவிரப் பராமரிப்பு எதுவும் இல்லை, ஓக்லஹோமாவில் வீட்டு வரி மாதிரி இதற்குத் தனியாக எதுவும் வராது, கிணறு வற்றினாலும் உங்கள் கையிலிருந்து ஒரு பைசா போகாது. கொள்ளுத்தாத்தா பத்திரத்தில் எழுதி வைத்த அந்த வரியின் நகலைக் கவுன்டி கிளார்க் பதிவிலிருந்து எடுத்துத் தரச்சொல்லி வக்கீலிடம் கேளுங்கள், உங்கள் கணவருக்குப் பிடிக்கும்.

கமிஷன் தளத்தில் உங்கள் செக்‌ஷனில் என்ன மனு இருக்கிறது என்று பார்த்ததும் எழுதுங்கள். கிணறு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அந்த 42,000 பற்றி நாம் பேசவே வேண்டியிருக்காது.